முதியோரின் அறிதிறனைச் சோதிக்கும் தொடுதிரைச் செயலியைச் சரிபார்ப்பது எப்படி?

தொடுதிரைச் சோதனையில் முதியவர் ஒருவர் தவறான படத்தைத் தொட்டால், அது நினைவு தவறியதாலா, விரல் தவறியதாலா என்பதைச் செயலி தானாக அறியாது. இரண்டையும் பிரித்தறிய முடிகிறதா என்று பார்ப்பதே இந்தச் சரிபார்ப்பின் முதல் வேலை.

திறன்பேசியை நாள்தோறும் கையாளும் முதியவர்களை மட்டும் அழைத்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆகவே தொடுதிரையைத் தொட்டே அறியாதவர்கள், கை நடுக்கமோ கண்புரையோ உள்ளவர்கள், காது மந்தமானவர்கள், லேசான அறிதிறன் குறைவு கண்டறியப்பட்டவர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு முன்னால் மதிப்பெண் இல்லாத பயிற்சித் திரை ஒன்று இருக்க வேண்டும். வட்டத்தைத் தொடுவது, கட்டத்தை இழுத்து வேறிடத்தில் விடுவது என, நினைவாற்றல் தேவைப்படாத வேலைகள் மட்டுமே அதில் இடம்பெறட்டும். அதிலேயே தடுமாறுபவர் பின்னர் பெறும் மதிப்பெண்ணை அப்படியே நம்ப முடியாது. விரல்நுனித் தோல் வறண்டிருந்தால் திரை சில நேரங்களில் தொடுகையை உணர்வதில்லை. விரலை எடுக்கத் தாமதித்தால் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. நடுக்கத்தால் ஒரு தொடுகை இரண்டாகப் பதிவாவதும் உண்டு. பொதுப் பயனர்களுக்கே ஏறத்தாழ 9 மி.மீ. அளவுள்ள பொத்தானை ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கும்போது, இங்கே அதைவிடப் பெரியதாகவும் இடைவெளி விட்டும் அமைப்பதே முறை.

காகிதச் சோதனையைத் திரைக்கு மாற்றும்போது கூடுதல் கவனம் தேவை. லேசான அறிதிறன் குறைவைக் கண்டறிய 2005இல் வெளியான மோக்கா (MoCA) என்ற காகிதச் சோதனையில், 30க்கு 26 மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் குறைவு இருக்கலாம் என்ற எல்லை, தாளில் பென்சிலால் கடிகாரம் வரைந்தவர்களை வைத்து வகுக்கப்பட்டது. வழுக்கும் கண்ணாடியில் விரலால் வரைபவருக்கு அது பொருந்துமா என்பதைத் தனியே ஆராய வேண்டும். மறுமொழி நேரத்தை அளப்பதாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கருவியையே கொடுங்கள். கருவிக்குக் கருவி திரையின் தாமதம் வேறுபடும்.

முடிவில் பலரும் ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பயன்பாட்டு எளிமை வினாநிரலைக் கொடுப்பார்கள். அதன் 10 கூற்றுகளும் சாதகமும் பாதகமுமாக மாறிமாறி வருவதால் அறிதிறன் குறைந்தவர்கள் குழம்பக்கூடும். வேறு சிலர் மரியாதைக்காகவே 'நன்றாக இருக்கிறது' என்று குறித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், அந்த மதிப்பெண்ணைவிட, சோதனையில் பங்கேற்றவர் எந்தத் திரையில் தயங்கினார், எத்தனை முறை உதவி கேட்டார், உதவியாளர் எங்கே தன்னை அறியாமல் விடையைச் சுட்டினார் என்ற குறிப்புகளே பயனுள்ளவை.

திருத்திய வடிவத்தைப் புதியவர்களிடமே சோதியுங்கள். முன்பு வந்தவர்களுக்குச் செயலி பழகியிருக்கும்.