பேய்ப்படத்துக்குக் கதை கட்டுவது எப்படி: அச்சக்கோடும் துயரக்கோடும்

முதன்முதலாகப் பதினைந்து நிமிடப் பேய்ப்படம் ஒன்றை எடுக்க நினைக்கும் நம் தோட்டப்புற இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கைபேசியைக் கொண்டே அருமையாக ஒளிப்பதிவு செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆளில்லாத லயத்து வீடுகளும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக் காட்டின் நடுவே தனித்து நிற்கும் முனியாண்டி கோயிலும், விடிவதற்கு முந்தைய கும்மிருட்டும் அவர்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கின்றன. இருந்தும், அவர்கள் போட்டுக் காட்டும் படங்களில் முதல் இரண்டு முறை திடுக்கிடுகிறவர்கள் மூன்றாவது முறை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். குறை ஒளியிலும் இல்லை, நடிப்பிலும் இல்லை, கதை கட்டிய விதத்தில்தான் இருக்கிறது. ஆகவே கேமராவையும் படத்தொகுப்பையும் ஒதுக்கிவிட்டு, காகிதத்திலேயே முடித்தாக வேண்டிய வேலையை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பேய்க்கு முன் இழப்பு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் இருந்து இரண்டு நூற்பாக்களை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்பது ஒன்று. 'இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே' என்பது மற்றொன்று. அச்சம் தெய்வத்தாலும் பேயாலும் மட்டும் வருவதில்லை, விலங்காலும் கள்வராலும் நம்மை ஆள்பவராலும் வரும் என்கிறது முதல் நூற்பா. பிறர் இகழ்வதாலும், உரியவரைப் பறிகொடுப்பதாலும், பழைய நிலை கெடுவதாலும், வறுமையாலும் அழுகை பிறக்கும் என்கிறது இரண்டாவது.

புதிதாக எழுதுகிறவர்கள் முதல் நூற்பாவின் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டாவது நூற்பாவிலிருந்து தொடங்குங்கள். பழையனூர் நீலி கணவன் கையால் கொலையுண்டவள், மலாய்க்காரர்கள் சொல்லும் பொந்தியானாக் பிள்ளைப்பேற்றில் உயிர்விட்டவள். தலைமுறைகள் கடந்தும் இந்தக் கதைகள் நிற்பதற்கு அவற்றின் அடியில் கிடக்கும் அழுகைதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விளக்கத்துக்காக ஒரு கதையைக் கட்டிக்கொண்டே போவோம். சரசு என்ற நாற்பது வயதுப் பெண், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தகப்பனாரோடு ஒரு லயத்தின் கடைசி வீட்டில் இருக்கிறாள். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய தாயார் ஒரு விடியற்காலையில் தனியாக வெட்டுக்குப் போய், ரப்பர் மர வரிசையான நிரையிலேயே விழுந்து இறந்தவர். பால் நிறுக்கும் நேரத்தில் அவர் வந்து சேராத பிறகுதான் தேடிப் போனார்கள். அன்று அவர் துணைக்கு அழைத்தபோது சரசு தூங்குவதுபோல் கண்ணை மூடிக் கிடந்தாள். இதுதான் இழப்பு. இந்தப் பத்தி கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: வழக்கத்தைக் கற்றுக்கொடுத்த பிறகே அதை உடையுங்கள்

எது வழக்கம் என்று தெரியாத பார்வையாளருக்கு எது விபரீதம் என்பதும் தெரியாது. கதவு தானாகத் திறப்பதும் விளக்கு அணைந்து எரிவதும் எந்த ஊர்ப் படத்திலும் நடக்கும் என்பதால் அவற்றை நான் விலக்கச் சொல்வேன். உங்கள் ஊரில் மட்டுமே செல்லுபடியாகும் ஒரு விதியைத் தேடிப் பிடியுங்கள்.

நம் கதைக்கு அந்த விதி பால்வெட்டிலேயே இருக்கிறது. குளிர்ச்சியான நேரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடியுமுன்பே தலைவிளக்கோடு வெட்டத் தொடங்குவார்கள். இரவில் மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டிய கோட்டின் வழியே மரத்தில் கட்டிய மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) இறங்காமல் பட்டை முழுவதும் பரவி வழிந்து வீணாகிவிடும். ஆகவே மழை பெய்த காலையில் வெட்டு கிடையாது. முதல் காட்சியில் மழைச் சத்தம் கேட்டு விழித்துக்கொள்ளும் கிழவர், பழைய பழக்கத்தில், "மழை பேஞ்சிருக்கும்மா, இன்னிக்கு வெட்டு இல்ல, நீ படு" என்று மகளிடம் சொல்லட்டும். இரண்டாம் காட்சியிலும் மழை பெய்யட்டும். அந்த மழையில், ரப்பர் மரமே இல்லாத தோட்டத்தில், வாசலைக் கடந்து போகும் பால் வாளியின் கைப்பிடி கிறீச்சிடும் ஓசை கேட்கட்டும். கற்றுக்கொடுத்த விதியை உடைப்பதால் வரும் அச்சத்துக்கு ஒப்பனையும் வேண்டாம், பேரோசையும் வேண்டாம்.

படி 3: அவர்கள் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை?

என் கதை பல வாரங்கள் நகராமல் நின்ற இடம் இது. இங்கே பொறுமையாக இருங்கள். பேய்ப்படம் பார்க்கும் எவரும் மனத்துக்குள் கேட்கும் முதல் கேள்வி, 'இவ்வளவு நடந்த பிறகும் இந்த வீட்டில் ஏன் இருக்கிறார்கள்?' என்பதுதான். இந்தக் கேள்விக்கு உங்களிடம் விடை இல்லாவிட்டால், அந்தக் கணத்திலிருந்து பார்வையாளர் பாத்திரத்தோடு சேர்ந்து பயப்படுவதை நிறுத்திவிட்டு, பாத்திரத்தின் புத்தியை எடைபோடத் தொடங்கிவிடுவார்.

பூட்டிக்கொண்ட கதவு, கிளம்பாத கார், வெள்ளத்தில் மூழ்கிய பாலம் ஆகியவை வெளியிலிருந்து வரும் தடைகள். அவை ஒரு காட்சிக்கு உதவுமே தவிர ஒரு படத்தைத் தாங்கமாட்டா. போவதால் நேரும் இழப்பு, இருப்பதால் வரும் அச்சத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மேலே ஒட்டி வைத்த முதல் நூற்பாவை இப்போது மீண்டும் பாருங்கள். அணங்கு மட்டுமன்றி 'இறை'யும் அச்சம் தருவது என்கிறது அது. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பதை நம்மில் பலர் சொந்த வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறோம். வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே பலகை அடித்து மூடிவிடுவார்கள் என்ற நிலையில், சரசுவால் ஒரே ஓர் இரவுகூட வெளியில் தங்க முடியாது. வாசலில் அணங்கும் அலுவலகத்தில் இறையுமாக இரண்டு அச்சங்கள் இரு பக்கமும் நெருக்கும்போது கதை தானாகவே இறுகுகிறது.

ஆனால் ஒரே விடையைப் படம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் தேய்ந்துவிடும். ஆகவே அச்சம் ஏறும் ஒவ்வொரு முறையும் விடை மாறிக் கனமாக வேண்டும். முதல் முறை சரசுவின் விடை 'போக முடியாது' என்பது, ஏனெனில் போனால் வீடு போய்விடும். இரண்டாம் முறை 'போகக் கூடாது' என்பது, ஏனெனில் மனைவி திரும்பி வருவாள் என்று காத்திருக்கும் தகப்பனாரை அந்த வாசலிலிருந்து பிரித்தால் அவர் உயிரோடு இருக்கமாட்டார். மூன்றாம் முறை 'போக மனமில்லை' என்பது, ஏனெனில் வாளியோடு வருவது யார் என்று அவளுக்கே இப்போது தெரிந்துவிட்டது. வெளியே இருந்த தடை படிப்படியாக உள்ளே நகர்ந்து, இறுதியில் அவளுடைய விருப்பமாகவே ஆகிவிடுவதைக் கவனியுங்கள்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் 'இப்போது ஏன் போகவில்லை?' என்ற கேள்விக்கான விடையை ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு அச்சக் காட்சிகளில் ஒரே விடை வந்தால், அந்த இடத்தில்தான் உங்கள் பார்வையாளர் கைபேசியைக் கையில் எடுப்பார்.

படி 4: இரண்டு கோடுகளை வரையுங்கள்

ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் பிரைடாக் 1863இல் வெளியிட்ட நாடக இலக்கண நூலில் கதையை ஏறி இறங்கும் ஒரு கூம்பாகக் காட்டினார். திரைக்கதைப் பயிற்சிகளில் இன்றும் அதைத்தான் வரைகிறார்கள். பேய்ப்படத்துக்கு அந்த ஒற்றைக் கூம்பு போதாது என்பது என் கருத்து. கட்டம் போட்ட தாளில் கிடைக்கோட்டில் காட்சி எண்களையும், செங்குத்துக் கோட்டில் 0 முதல் 10 வரையிலான அளவையும் குறித்து, அச்சத்துக்குச் சிவப்புப் பென்சிலாலும் துயரத்துக்கு நீலப் பென்சிலாலும் தனித்தனிக் கோடுகள் வரையுங்கள்.

சரசுவின் கதையில் ஒன்பது காட்சிகள். அச்சக்கோடு 0, 3, 1, 5, 2, 7, 4, 9, 3 என்று போகிறது. துயரக்கோடு 1, 1, 2, 2, 4, 4, 6, 9, 9 என்று போகிறது. அச்சம் ஒவ்வொரு முறை ஏறிய பிறகும் இறங்குகிறது, ஆனால் உச்சத்துக்கு முன்பு வரும் ஒவ்வோர் இறக்கமும் முந்தைய இறக்கத்தைவிடச் சற்று மேலேயே நிற்கிறது. இறங்க விடாமல் ஏற்றிக்கொண்டே போனால் மனம் மரத்துப்போகும். அடிமட்டம் வரை இறக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

அச்சம் தாழும் அந்தக் காட்சிகளில்தான் துயரம் ஏறுகிறது. மூன்றாம் காட்சியில் கிழவர் துருப்பிடித்த பால்வெட்டுக் கத்தியைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறார். பயன்படாத கத்தியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, வாசலோரம் அதன் பழைய இடத்திலேயே வைக்கிறார். அங்கே எவரும் பயப்படமாட்டார்கள், ஆனால் அடுத்த அச்சத்துக்கு வேண்டிய அன்பு அங்கேதான் சேர்கிறது. எட்டாம் காட்சியில் மட்டும் இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறி ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புதான் உங்கள் உச்சக்காட்சி. வேறு எந்தக் காட்சியிலும் இரண்டும் ஒரே அளவில் நிற்க விடாதீர்கள்.

சிவப்புக் கோட்டை ஏற்றும் வழி பற்றி ஒரு சொல். திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய உரையாடலில், மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு திடீரென வெடித்தால் சில நொடி அதிர்ச்சிதான் கிடைக்கும், குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால் நீண்ட பதைப்பு கிடைக்கும் என்று விளக்கினார். நான்காம் காட்சியில் அதைத்தான் செய்கிறோம். சமையற்கட்டுச் சுவரில் தாயாரின் வாளி தொங்கிய ஆணி வெறுமையாக இருப்பதை நாம் பார்க்கிறோம். அதற்கு முதுகைக் காட்டி நின்று தேநீர் ஆற்றும் சரசு பார்க்கவில்லை.

படி 5: உச்சமும் அதற்குப் பிறகும்

ஏழாம் காட்சியில் சரசு, அன்று தூங்குவதுபோல் கிடந்ததைத் தகப்பனாரிடம் வாய்விட்டுச் சொல்கிறாள். எட்டாம் காட்சியில் கதவைத் திறக்கிறாள். படியில் வாளி இருக்கிறது. அதில் அப்போதுதான் வெட்டி இறக்கிய பால் நிறைந்திருக்கிறது. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லாத தோட்டத்தில் அந்த வெண்மை எவ்வளவு அச்சம் தருகிறதோ அவ்வளவு அழவும் வைக்கும். ஒன்பதாம் காட்சியில் அவள் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்குகிறாள்.

உச்சத்துக்குப் பிறகு குறைந்தது ஒரு நிமிடமாவது கொடுங்கள். முடிந்தது என்று நினைக்கும்போது கை ஒன்று நீண்டு வருவதுபோல் வைக்கும் கடைசித் திடுக்கிடல், ஒன்பதுக்கு ஏற்றிய நீலக் கோட்டை ஒரே நொடியில் அழித்துவிடும். அதைத் தயவுசெய்து வைக்காதீர்கள்.

கருவிகள்

பென்சில், கட்டத்தாள், மணிலா அட்டையில் வெட்டிய துண்டுகள் போதும். திரைக்கதை மென்பொருளைக் கோடுகள் இரண்டும் சரியாகும் வரை திறக்க வேண்டாம். ஒழுங்காக அச்சடித்த பக்கம் அரைகுறைக் கதையையும் முடிந்ததுபோல் காட்டும். பிறகு தட்டச்சு செய்யும்போது நான் கூகுள் டாக்ஸையே விரும்புகிறேன், குழுவில் உள்ள அனைவரும் கைபேசியிலேயே படித்துக் குறிப்பு எழுதலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற ஆங்கிலத் திரைக்கதைக் கணக்கு தமிழ்ப் பக்கங்களுக்குப் பொருந்துவதில்லை. உரக்கப் படித்து, மௌனங்களையும் சேர்த்து, கடிகாரத்தில் அளந்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் கேட்டவற்றுக்கு விடை சேர்க்கிறேன். பேயைக் காட்டாவிட்டால் ஏமாற்றமாக இருக்காதா என்று கேட்டவர்களுக்கு: ஏதேனும் ஒன்றைக் கண்ணால் காட்டியே ஆக வேண்டும், ஆனால் அது பேயின் முகமாக இருக்க வேண்டியதில்லை. நம் கதையில் அது வாளியில் இருக்கும் பால்.

நகைச்சுவைக்கு ஒரு நண்பன் பாத்திரம் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. சிரிப்பும் அச்சத்தை இறக்கும் என்பது உண்மை, ஆனால் அது துயரக்கோட்டையும் சேர்த்தே இறக்கிவிடுகிறது. பதினைந்து நிமிடப் படத்தில் அதை மீட்க நேரம் இருக்காது.

முனியாண்டி கோயிலில் படம் பிடிக்க விரும்புகிறவர்கள் பூசாரியிடமும் அங்கே கும்பிடும் குடும்பங்களிடமும் முதலில் கேளுங்கள். அவர்களுடைய காவல் தெய்வத்தைப் பேயாகக் காட்டும் கதையாக இருந்தால், இடத்தை அல்ல, கதையை மாற்றுங்கள்.

ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் 1, 2, 7, 8 ஆகிய காட்சிகளை வைத்துக்கொண்டு, வீட்டை விட்டுப் போகாததற்கு 'போக மனமில்லை' என்ற ஒரே காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் இன்னும் இடித்தால் இரண்டாம் காட்சியைச் சுருக்கலாம். ஏழாம் காட்சியில் மட்டும் கைவைக்க வேண்டாம்.