லொறிச் சக்கர நட் மீளழைப்பு: பட்டியலில் உங்கள் லொறியைத் தேடுவதும், உள் நட்டை இறுக்குவதும்

கந்தப்பளையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். றம்பொடை வளைவுகளில் பின்னால் டக், டக் என்று ஒரு சத்தம். மூட்டை சரிந்திருக்கும் என்று நான் சொன்னேன். "மச்சான், இது மூட்டைச் சத்தம் இல்லை, ஓரமாக நிறுத்து" என்றார் மைத்துனர். இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகள் விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. நான்கு நாட்களுக்கு முன்புதான் டயர் மாற்றியிருந்தோம்.

வீல் ஸ்பேனரை எடுத்து முழு மூச்சாக இறுக்கிவிட்டுப் புறப்பட்டேன். புசல்லாவை தாண்டுவதற்குள் அதே சத்தம். இறுக்கிய நட் எப்படித் தளரும் என்ற கேள்வியோடு தேடத் தொடங்கியவனுக்கு, இந்த வரிசை லொறிகளின் பின் ஹப்பிலுள்ள (சக்கரம் பொருந்தும் நடுப்பாகம்) ஸ்டட்டுகளை (நட் ஏறும் மரைக் கம்பிகள்) மாற்றித் தர ஜப்பானில் ஏற்கெனவே மீளழைப்பு அறிவித்திருந்தார்கள் என்பது தெரியவந்தது. எந்தக் கம்பனி என்று எழுதப்போவதில்லை. உங்களுடையது எதுவானாலும் தேடும் வழி ஒன்றுதான்.

மீளழைப்பு என்றால், தயாரித்த கம்பனியே குறையை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து தருவது. சக்கர நட் விடயத்தில் இதில் இரண்டு வகை உண்டு. தொழிற்சாலையில் சரியாக இறுக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்பது ஒன்று. பத்துத் தடவை டயர் மாற்றிய பழைய லொறிக்கு அதனால் பெரிய பொருள் இல்லை, புதிதாக வாங்கியவர்கள்தான் உடனே பார்க்க வேண்டும். ஸ்டட்டோ ஹப்போ பலவீனமானது என்பது மற்றது. அது லொறி இருக்கும்வரை கூடவே வரும். ஏலத்தில் எடுத்து இறக்கிய லொறிக்குக் கடிதம் வராது. முதல் உரிமையாளர் ஜப்பானில் இருக்கிறார், கடிதமும் அவருக்குத்தான் போயிருக்கும்.

படி 1: சேசிஸ் எண்

பதிவுப் புத்தகத்தைப் பார்த்து எழுதாதீர்கள். என்னுடையதில் நடுவிலுள்ள கோடு விடுபட்டிருந்தது, ஒரு மாலை முழுவதும் வீணாயிற்று. லொறியின் அடிச்சட்டத்தில் (சேசிஸில்) பொறித்திருக்கும் எண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். ஜப்பானில் ஓடிய லொறியென்றால் எழுத்தும் எண்ணும் கலந்த முற்பகுதி, ஒரு கோடு, பிறகு தொடர் இலக்கம் என்று இருக்கும். இந்திய லொறிகளில் 17 இடங்கள் கொண்ட எண். அதில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூச்சியம்தான்.

படி 2: தேடல்

தயாரித்த கம்பனியின் ஜப்பானிய இணையப் பக்கத்துக்குப் போய், உலாவியின் மொழிபெயர்ப்பை இயக்கி, மீளழைப்புத் தேடல் பெட்டியில் எண்ணைப் போடுங்கள். இந்திய லொறிக்காரர்கள் இங்குள்ள முகவரிடம் எண்ணைக் கொடுத்துக் கேட்பதே சுருக்கம். பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். நான் அணுகிய இடத்தில், தாங்கள் விற்காத லொறிக்குப் பொறுப்பில்லை என்றார்கள். ஆனால் அச்சுப் பிரதியிலிருந்த பாக எண்ணை வைத்துச் சரியான ஸ்டட்டுகளைத் தருவித்துக் கொடுத்தார்கள். பணம் என்னுடையது. முகம் தெரியாதவரிடம் "அதே மாதிரி" ஸ்டட் வாங்குவதைவிட இது மேல்.

பதில் வரும்வரை லொறியை ஓட்டாமல் இருக்க முடிகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்களுக்கு அடுத்த படி.

படி 3: உள் நட் (நான் வழுக்கி விழுந்த இடம்)

பழைய ஜப்பானிய லொறிகளின் பின்னால் இரட்டைச் சக்கரம். ஒவ்வொரு ஸ்டட்டிலும் இரண்டு நட்டுகள். உள் டயரின் ரிம்மைப் பிடிப்பது உள் நட். அதன் தலை சதுரமானது, எங்கள் லொறியில் 21 மில்லிமீற்றர். அந்த உள் நட்டின் மேல்தான் 41 மில்லிமீற்றர் வெளி நட் ஏறி, வெளி டயரைப் பிடிக்கிறது. வெளியே தெரிவது பெரிய நட் என்பதால் எல்லோரும் அதையே இறுக்குகிறோம். உள்ளே தளர்ந்திருந்தால் வெளியே எத்தனை முறுக்கு முறுக்கினாலும் பயனில்லை. புசல்லாவையில் எனக்கு நடந்தது இதுதான்.

செய்யும் முறை இது. முதலில் சமதரை தேடுங்கள். மலையகத்தில் அதுவே பாதி வேலை; நான் தேயிலைத் தொழிற்சாலையின் தராசு முற்றத்தைக் கேட்டு வாங்கினேன். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், ஜாக் தேவையில்லை. ஆறு ஸ்டட் என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று வெளி நட்டுகளைத் தளர்த்துங்கள். அந்த மூன்றின் உள் நட்டுகளையும் உரிய முறுக்கில் இறுக்கி, வெளி நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். பிறகு மற்ற மூன்று. ஆறையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் வெளிச் சக்கரம் பிடிப்பிழந்துவிடும்.

இன்னொரு பொறி: இந்த வகை லொறிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. இறுக்குவதற்கு இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஸ்டட்டின் நுனியில் ஆங்கில 'எல்' எழுத்து இருக்கும். இதை நான் இருட்டில் கவனிக்காமல், "இறுக்குகிறேன்" என்று ஒரு நட்டைக் கழற்றியே விட்டேன். மரை கழன்றது நட்டுக்கா எனக்கா என்று மைத்துனர் இன்றும் கேட்கிறார். ஒரே நட் கொண்ட புதிய வகைப் பெரிய லொறிகளில் இரு பக்கமும் வலது மரைதான்.

படி 4: முறுக்கின் அளவு

முறுக்கை அளந்து இறுக்கும் டோர்க் ரெஞ்ச் விலை அதிகம். நான்கு லொறிக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. டயர் கடைகளில் காற்றழுத்தத்தால் நட்டைச் சுழற்றும் துப்பாக்கியை நட்டை ஓடவிட மட்டுமே பயன்படுத்த வேண்டும், இறுதி இறுக்கம் கையால்தான். பெரிய லொறிகளில் கேட்பது பெரும்பாலும் 550 முதல் 600 நியூட்டன் மீற்றர். சிறியவற்றுக்குக் குறையும், கைநூலைப் பாருங்கள். ஒரு மீற்றர் குழாயின் நுனியில் 60 கிலோ அழுத்தினால் ஏறக்குறைய 590 வருகிறது. நம் ஊரில் 75 கிலோ ஆள் ஒன்றேகால் மீற்றர் குழாயில் ஏறிக் குதிக்கிறார். அவர் போடுவது இறுக்கம் இல்லை. ஸ்டட் என்பது சற்றே நீண்டு சுருங்கப் பார்க்கும் ஸ்பிரிங் போன்றது, அந்த இழுவைதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அளவுக்கு மீறி நீட்டினால் அது திரும்பச் சுருங்காது.

ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையிலுள்ள துருவையும் தடித்த வண்ணப்பூச்சையும் சுரண்டாமல் மாட்டாதீர்கள். ஓட்டத்தில் அவை நசுங்கிய அளவுக்கு நட் தளரும். டயர் மாற்றி 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்கச் சொல்வதும் இதனால்தான். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஒரு பயணம் போதும். ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடித்துச் சூடான ஹப்பில் கை வைக்காதீர்கள். தேநீர் குடித்து, ஆறிய பிறகு இறுக்குங்கள்.

கடைசியாக நட்டிலிருந்து ரிம் வரை ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் நட் அசைந்திருக்கிறது. கடையில் விற்கும் குறியிடும் பேனா எங்கள் சேற்றில் ஒரு வாரம் தாங்கவில்லை, மனைவியின் சிவப்பு நகப்பூச்சு இரண்டு மாதம் தாங்கியது.

பின்சேர்க்கை 1

"அது ஏன் உங்களுக்கும் இடது பின்சக்கரம்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானிலும் சக்கரம் கழன்ற விபத்துகளில் பெரும்பாலானவை இடது பின்சக்கரத்தில்தான் நடந்திருக்கின்றன, அதுவும் டயர் மாற்றிய ஒரு மாதத்துக்குள் நிறைய. அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சாலை இடப்பக்கம் சரிந்திருப்பதும், இடது திருப்பத்தில் அந்தச் சக்கரம் நின்ற இடத்திலேயே முறுக்கப்படுவதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

பின்சேர்க்கை 2

எல்லாம் பராமரிப்புக் குறைதான், மீளழைப்பு வெறும் சடங்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். 2002 ஜனவரியில் யோக்கஹாமாவில் ஒரு பெரிய டிரெய்லர் லொறியின் சக்கரம் கழன்று, பிள்ளைகளோடு நடந்துபோன தாயின் உயிரைப் பறித்தது. முதலில் உரிமையாளரின் பராமரிப்பைத்தான் குறை சொன்னார்கள். 2004 இல் மிட்சுபிஷி பூசோ, ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை ஒப்புக்கொண்டு மீளழைத்தது. அந்த உரிமையாளர் எத்தனை தடவை நட்டை இறுக்கியிருந்தாலும் ஹப்பின் வெடிப்பு மூடியிருக்காது.

பின்சேர்க்கை 3

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்: வெளி நட்டைத் தளர்த்தும்போது உள் நட்டும் சேர்ந்தே சுழல்கிறதாம். துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. சதுரத் தலையை இன்னொருவர் பிடித்துக்கொண்டால் பிரியும். பிரியாவிட்டால் இரண்டையும் கழற்றி, மரையைத் தூரிகையால் சுத்தம் செய்து, ஒரு துளி இயந்திர எண்ணெய் விட்டு மாட்டுங்கள். கிரீஸ் வேண்டாம். கழற்றும்போது ஒரு ஸ்டட் முறிந்தால் அதற்கு இருபுறமும் உள்ளவற்றையும் மாற்றுங்கள். இரண்டு முறிந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அவருக்கு முறிந்தவை இரண்டு.