விமானத்தில் போன்: எதை அணைப்பது, எப்போது, ஏன்

பயணியின் போனால்தான் ஒரு விமானம் விழுந்தது என்று உறுதியான விபத்து எதுவும் இல்லை. ஆனாலும் ஃப்ளைட் மோடு வெறும் சடங்கு அல்ல. தரையில் இருக்கும் செல்போன் டவர் தூரமாகப் போகப் போக, அதைப் பிடிக்க போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் வரை போகும். 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை எகிறும். அதுவும் நொடிக்கு 217 துடிப்புகளாக விட்டுவிட்டு. ஸ்பீக்கர் பக்கத்தில் பட்டன் போனை வைத்தால், அழைப்பு வருமுன் "டிட்-டிட்-டிட்... டர்ர்ர்" என்று கேட்குமே, அது இதுதான். விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸில். அலைவரிசை வேறு என்றாலும், அந்தத் துடிப்பு ஆடியோ வயரிலேயே ஏறி விமானியின் ஹெட்செட்டில் இரையும். தரைக் கட்டுப்பாடு சொல்லும் உயரம் அந்த நேரம் சரியாகக் காதில் விழவில்லை என்றால் அது சின்ன விஷயமில்லை.

ஆகவே கதவு மூடுமுன் ஃப்ளைட் மோடு போடுங்கள். திரையின் மேல் சிக்னல் கோடுகள் மறைந்து விமானப் படம் வந்ததா என்று பாருங்கள். பிறகு ஹெட்போனுக்கு புளூடூத்தை மட்டும் திரும்பப் போடலாம். அது சில மில்லிவாட்தான். பலர் மறப்பது சிம் போட்ட டேப்லெட்டையும், இ-சிம் (உள்ளேயே பதித்த சிம்) உள்ள வாட்ச்சையும். போனில் போட்டது வாட்ச்சுக்குத் தானாகப் போகும் என்று நம்பாதீர்கள், தனியாகப் பாருங்கள். ஃப்ளைட் மோடு இல்லாத பட்டன் போன் என்றால் முழுக்க அணையுங்கள். அணைத்தாலும் அலாரம் நேரத்தில் தானாக உயிர்பெறும் மாடல்கள் உண்டு, அலாரத்தையும் எடுத்துவிடுங்கள்.

வைஃபையை விமானப் பணியாளர் அனுமதித்த பிறகு போடுங்கள். 2014-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ., போயிங் 737, 777 விமானங்களின் காக்பிட்டில் இருந்த ஒரு வகைத் திரைகளை மாற்ற உத்தரவிட்டது. சோதனையில் அருகே வைஃபை இயங்கியபோது அவை வெறுமையாகிப் போயின. எந்த விமானம் எதைத் தாங்கும் என்று சோதித்துத்தான் அனுமதி தருகிறார்கள்.

மூடுபனியில் இறங்கும்போது "எல்லாவற்றையும் முழுக்க அணையுங்கள்" என்று சொல்லக்கூடும். டிசம்பர், ஜனவரி டெல்லிப் பயணத்தில் இதை எதிர்பாருங்கள். ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் சிக்னல் 108–112 மெகாஹெர்ட்ஸிலும், இறங்கும் சரிவைக் காட்டுவது 330 மெகாஹெர்ட்ஸையொட்டியும் வருகின்றன. கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது விமானம் அவற்றை நம்பியே தரைவரை போகிறது. ஃப்ளைட் மோடில் இருக்கும் கருவியின் சர்க்யூட்டும் கொஞ்சம் இரைச்சலைக் கசியவிடும் என்பதால்தான் இந்தக் கூடுதல் கட்டுப்பாடு.

ரேடியோவைவிட நான் அதிகம் அஞ்சுவது பேட்டரியை. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 20,000 எம்ஏஎச் என்றால், அதாவது 20 ஆம்பியர்-அவர், பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 20 × 3.7 = 74 வாட்-அவர். 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு, 100–160-க்கு விமான நிறுவனத்திடம் முன்பே கேட்க வேண்டும். பறக்கும்போது பயன்படுத்தவே தடை விதித்த நிறுவனங்களும் இருக்கின்றன. டிக்கெட்டோடு அதையும் பாருங்கள்.

போன் இருக்கை இடுக்கில் விழுந்தால், சீட்டைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ வேண்டாம். உள்ளே இருக்கும் இரும்பு போனை நசுக்கினால் பேட்டரி புகைந்து தீப்பிடிக்கலாம். அப்படியே எழுந்து நின்று பணியாளரைக் கூப்பிடுங்கள்.