நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின் இலக்கு மாத்திரை: தவறு நேரும் இடங்கள்

கட்டியை எடுத்தாயிற்று. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆள் பழையபடி வேலைக்குப் போய் வருகிறார். இந்த நிலையில் இருப்பவரிடம், விலை கூடிய ஒரு மாத்திரையை மூன்று ஆண்டுகள் ஒரு நாள்கூட விடாமல் விழுங்க வேண்டும் என்றால் மனம் லேசில் ஒப்புவதில்லை. உடம்புக்கு ஒன்றும் தெரியாதபோது மருந்து எதற்கு என்ற கேள்வி உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தச் சிகிச்சையில் நேரும் தவறுகளில் பாதி அந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பவை. மீதிப் பாதி, முதல் மாத்திரைக்கு முன்பே நடந்துவிடுகின்றன.

மாத்திரை எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறுவை மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்ததை எடுக்கிறார். ரத்தத்திலும் நிணநீரிலும் முன்பே நழுவிவிட்ட செல்களை எந்த ஸ்கேனும் காட்டாது. கட்டியில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், அந்தச் செல்கள் வளர நம்பியிருக்கும் சமிக்ஞையை ஓசிமெர்டினிப் என்ற மாத்திரை அடைத்துவிடும். 682 பேரை வைத்து நடந்த அடாரா ஆய்வில் ஒரு பாதியினருக்கு இந்த மாத்திரை, மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் தரப்பில் நூற்றுக்கு 88 பேர், இரண்டாம் தரப்பில் 78 பேர். அளவு தினம் 80 மில்லிகிராம், காலம் மூன்று ஆண்டுகள். ஏஎல்கே என்ற வேறொரு மாற்றம் இருப்பவர்களுக்கு அலெக்டினிப், இரண்டு ஆண்டுகள்.

பரிசோதனையில் கோட்டைவிடுவது

எனக்குத் தெரிந்தவரை மிகப் பெரிய தவறு இதுதான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் பயாப்சி அறிக்கையில் ‘அடினோகார்சினோமா’ என்று நுரையீரல் புற்றுநோயின் வகை இருக்கும். கட்டியின் அளவும் நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கையும் இருக்கும். மரபணுவைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. யாரும் கேட்காவிட்டால் அந்தப் பரிசோதனை நடக்காமலே போய்விடும். இந்தியாவில் இந்த வகைப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. புகையே பிடிக்காத பெண்களிடம் இது இன்னும் அதிகம். கேட்காமல் விடக்கூடிய விகிதமா இது?

கேட்டவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். ‘மறுபடி ஊசி குத்த வேண்டாம், ரத்தத்திலேயே பார்த்துவிடலாம்’ என்று ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை செய்து, ‘மாற்றம் இல்லை’ என்று முடிவு வந்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். ரத்தத்தில் கிடைப்பது கட்டியிலிருந்து உதிரும் மரபணுத் துணுக்கு. கட்டியையே வெட்டி எடுத்த பிறகு உதிர என்ன இருக்கிறது? பார்க்க வேண்டியது வெட்டி எடுத்த திசுவை. மெழுகில் பதித்த பிளாக்காக அது மருத்துவமனையின் நோயியல் துறையில் இருக்கும். புதிதாக ஊசி எதுவும் தேவையில்லை; அந்த பிளாக்கை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். வேறு ஊருக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்பவர்கள் எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

முடிவு வந்ததும் ‘இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்’ என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். அடாரா ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களுக்கு இருந்தவை எக்ஸான் 19 டெலீஷன், எல்858ஆர் என்ற இரண்டு மாற்றங்கள்தான். எக்ஸான் 20 இன்சர்ஷனும் இஜிஎஃப்ஆர் மாற்றம்தான். ஆனால் அதில் இந்த மாத்திரை வழக்கமான அளவில் சரியாக எடுபடாது. நோயின் நிலையும், அதாவது அது எவ்வளவு வளர்ந்து பரவியிருக்கிறது என்பதும், முக்கியம். ஆய்வு நடந்தது 1பி முதல் 3ஏ வரையிலான நிலைகளில். மிகச் சிறிய கட்டியோடு 1ஏ நிலையிலேயே பிடிபட்டவர், பயத்தில் தானாகவே மாத்திரை வேண்டும் என்று கேட்பதற்கு இன்று போதுமான ஆதாரம் இல்லை.

முடிவு வருமுன் இம்யூனோதெரபி

மரபணு முடிவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்மேல் ஏவும் இம்யூனோதெரபி ஊசியைத் தொடங்கிவிடுவதும் நடக்கிறது. இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள கட்டியில் அந்த ஊசியால் பலன் குறைவு. அதைவிட, ஊசியின் விளைவு உடம்பில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். அதன்மேல் ஓசிமெர்டினிப்பைத் தொடங்கினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரலாம். நியூயார்க் மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வரிசையில் மருந்து பெற்ற 41 பேரில் 6 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. முதலில் மாத்திரை, பிறகு ஊசி என்று பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. இரண்டு மூன்று வாரம் காத்திருப்பதால் குடி முழுகிவிடாது. கீமோ தேவைப்படுபவருக்குக்கூட ஆபரேஷன் காயம் ஆற அவ்வளவு நாள் எப்படியும் வேண்டும்.

கீமோ பற்றியும் ஒரு வார்த்தை. ‘மாத்திரைதான் இருக்கிறதே, முடி கொட்டும் மருந்து எதற்கு’ என்று அதைத் தானாகத் தள்ளிவிடக் கூடாது. அடாராவில் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் கீமோவை முடித்துக்கொண்டு மாத்திரைக்கு வந்தவர்கள். அலெக்டினிப் ஆய்வில் கதை வேறு: அங்கே மாத்திரை கீமோவுக்குப் பதிலாகவே கொடுக்கப்பட்டது. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரரின் வரிசையைப் பார்த்து உங்கள் வரிசையைத் தீர்மானிக்க வேண்டாம்.

‘அதே வகை மாத்திரைதான், விலை குறைவு’

பணம் பெரிய பிரச்சினைதான்; அதைப் பூசி மெழுகுவதில் பயனில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஓசிமெர்டினிப்பின் சுங்க வரி நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜிஎஸ்டியும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. அப்படியும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது சுமைதான். இந்த இடத்தில்தான் ஜெஃபிடினிப் என்ற பழைய, மலிவான மாத்திரை நுழைகிறது. அதுவும் இஜிஎஃப்ஆரைத்தான் அடைக்கிறது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அதைக் கொடுத்துப் பார்த்த சீன ஆய்வில் நோய் திரும்புவது தள்ளிப்போனதே தவிர, கீமோவோடு ஒப்பிட்டால் ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. ஜப்பானிய ஆய்விலும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. மூளைக்குள் நுழைவதிலும் ஓசிமெர்டினிப் அதைவிடத் தேறியது. இந்த நோய் திரும்பும்போது மூளையைத் தேடிப்போவது வழக்கம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. விலைக்காக மாற்றத்தான் வேண்டும் என்றால் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். மருந்துக்கடைக்காரர் மாற்றிக் கொடுப்பதற்கான பொருள் அல்ல இது.

மருத்துவரிடம் சொல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு ஒரு பெட்டியை இரண்டு மாதத்துக்கு நீட்டுவதும் இதே பணக்கஷ்டத்தில் பிறக்கும் தவறு. பக்கவிளைவு அதிகமானால் 40 மில்லிகிராமாகக் குறைக்கும் வழி மருத்துவரிடம் இருக்கிறது, அது வேறு. முதலில் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். தயாரிப்பு நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பம் அங்கிருந்துதான் போகும். வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு வரும் மாத்திரையை வாங்காதீர்கள். 2024 மார்ச்சில் டெல்லி போலீசார் பிடித்த போலிப் புற்றுநோய் மருந்துக் கும்பல், காலிக் குப்பிகளில் வேறு மருந்தை நிரப்பி விற்றுக்கொண்டிருந்தது.

இருமலும் நகச்சுத்தியும்

பக்கவிளைவுகளில் ஒன்றை அலட்சியப்படுத்துவதும் இன்னொன்றைக் கண்டு மிரள்வதும் பெரும்பாலும் தலைகீழாக நடக்கின்றன.

புதிதாக வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், லேசான காய்ச்சல். நம் ஊரில் இதற்கு மருந்துக்கடையில் மூன்று நாள் அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஓசிமெர்டினிப் சாப்பிடுபவருக்கு இது இரட்டை ஆபத்து. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு இந்த மாத்திரையே நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். அதற்கு அறிகுறி இதே இருமல்தான். அது ஜலதோஷம் என்று கடத்தும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். இதோடு ஓசிமெர்டினிப், அசித்ரோமைசின் இரண்டுக்குமே இதயத் துடிப்பின் மின்சுழற்சியை நீட்டும் குணம் உண்டு. சேர்ந்தால் தாளம் தவறலாம். புதிய இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அடுத்த மாத்திரையைப் போடலாமா என்பதை அவர் சொல்லட்டும்.

நகச்சுத்தியோ பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது. அடாராவில் நால்வரில் ஒருவருக்கு வந்தது. தோலும் நகமும் வளரவும் இஜிஎஃப்ஆர் வேண்டும் என்பதால் மாத்திரை அங்கேயும் கை வைக்கிறது. நம் வீடுகளில் உடனே எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகிவிடுவார்கள். ஏற்கெனவே வறண்டு வெடித்திருக்கும் தோலில் அந்தப் புளிப்பு எரிச்சலைத்தான் கூட்டும். பாத்திரம் துலக்கும்போது கையுறை, நகத்தை ஒட்ட வெட்டாமல் நேராக வெட்டுவது, இரவில் கெட்டியாக வாசலின். சீழ் கோத்தால் மருத்துவர். இதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாத நஷ்டம். வயிற்றுப்போக்கும் அப்படித்தான்: உப்பு சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மருத்துவர் எழுதிய லோபெரமைடு ஆகியவற்றில் பெரும்பாலும் அடங்கும்.

அலெக்டினிப் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. காலை நான்கு, இரவு நான்கு கேப்ஸ்யூல், இரண்டு வேளையும் சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேரும் மருந்து குறைந்துவிடும். தசை வலிக்கு தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல், தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் நாடித்துடிப்பு குறைகிறதா என்று பார்த்துவர வேண்டும்.

சொல்லாமல் விடும் மற்ற மருந்துகள்

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், சிறுநீரைச் செம்மஞ்சளாக்குமே, அந்த மாத்திரை ஓசிமெர்டினிப்பின் அளவை ரத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் குறைத்துவிடும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். இரண்டு நோய்களுக்கும் இரண்டு மருத்துவர்கள், ஒருவர் சீட்டு மற்றவருக்குத் தெரியாது என்றால், நோயாளி ஒழுங்காக மாத்திரை விழுங்கியும் பலனில்லாமல் போகும். கைவைத்தியக் கஷாயமும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். சீந்தில் கொடியால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அலெக்டினிப் ஏற்கெனவே கல்லீரலுக்குச் சுமை தரும் மருந்து.

ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் கருத்தடையை மாத்திரை முடிந்த பிறகும் தொடர வேண்டும்: ஓசிமெர்டினிப் எடுத்த பெண்கள் ஆறு வாரம், ஆண்கள் நான்கு மாதம்.

மூன்று ஆண்டு முடிந்ததும்

கடைசிப் பெட்டி தீர்ந்ததும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் உண்டு. அடாராவின் வரைபடத்தில், மாத்திரை எடுத்தவர்களில் நோய் திரும்பாதவர்களைக் காட்டும் கோடு மூன்றாம் ஆண்டுவரை மெல்லவே இறங்குகிறது; மாத்திரை நின்ற பிறகு வேகமாகச் சரியத் தொடங்குகிறது. சிலருக்கு மாத்திரை நோயை அழித்தது. சிலருக்கு அடக்கி மட்டுமே வைத்திருந்தது. யார் எந்தப் பக்கம் என்று அந்த நாளில் சொல்ல முடியாததால்தான் ஐந்து ஆண்டுகள் கொடுத்துப் பார்க்கும் ஆய்வும் நடக்கிறது. ஆகவே நான்காம் ஆண்டின் ஸ்கேன்களை முதல் ஆண்டினுடையவை போலவே தவறாமல் எடுக்க வேண்டும். விடாத தலைவலியோ நடையில் தடுமாற்றமோ வந்தால் மூளைக்கு எம்ஆர்ஐ கேட்க வேண்டும். திரும்பிய நோயைச் சீக்கிரம் பிடித்தால் அதே ஓசிமெர்டினிப்பை மறுபடி தொடங்கும் வழி பலருக்கு இருக்கிறது.