விக்டோரியா காலத் துப்பறியும் கதை எழுத: முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள்

விக்டோரியா அரசியின் ஆட்சி 1837 முதல் 1901 வரை நீண்டது. ஆகவே 'விக்டோரியா காலம்' என்று பொத்தாம்பொதுவாக வைத்துக்கொண்டு துப்பறியும் கதை எழுத முற்படுவது சரிப்பட்டு வராது. கொலை நடக்கும் ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள். லண்டன் மாநகரக் காவல்துறையின் துப்பறியும் பிரிவு 1842இல் எட்டே பேருடன் தொடங்கியது; 1877இல் அதன் மூத்த அதிகாரிகள் சிலர் மோசடிக்காரர்களிடம் கையூட்டுப் பெற்றதற்காகச் சிறை சென்றார்கள்; மறு ஆண்டே குற்றப் புலனாய்வுத் துறை உருவானது. கதை 1879இல் நடந்தால், கதவைத் தட்டும் துப்பறிவாளரை வீட்டுக்காரர் சந்தேகத்துடன்தான் பார்ப்பார்.

கைரேகையில் பலர் சறுக்குகிறார்கள். ஹென்றி ஃபால்ட்ஸ் என்ற மருத்துவர் அதைப் பற்றி 1880லேயே எழுதிவிட்டாலும், லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு 1901இல்தான் அமைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், கைரேகையை நம்பும் மருத்துவர் ஒருவரையும் அவரைப் பொருட்படுத்தாத நீதிமன்றத்தையும் படைக்கலாம். எனக்கு அதுவே சுவையான கதையாகப் படுகிறது.

இரத்தக் கறையும் அப்படித்தான். மனித இரத்தத்தை விலங்கின் இரத்தத்திலிருந்து உறுதியாகப் பிரித்தறியும் சோதனையை ஜெர்மானிய அறிவியலறிஞர் உலன்ஹூத் 1901இல் வெளியிடும்வரை, "பன்றி அறுத்த இரத்தம்" என்று சாதிக்கும் கசாப்புக்காரரை மடக்குவது கடினம். அவரைக் கோழி இரத்தம் என்று மட்டும் சொல்லவிடாதீர்கள். பறவைகளின் சிவப்பணுக்கள் நீள்வட்டமானவை என்பதை அன்றைய நுண்ணோக்கியே காட்டிவிடும்.

நஞ்சுதான் இக்காலத்தின் பெரும் புதையல். வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் வெளியிட்ட ஆர்சனிக் சோதனையை ஒரு முழுக் காட்சியாகவே எழுதலாம்: இறந்தவரின் வயிற்றிலிருந்து எடுத்த திரவத்தைத் துத்தநாகத்துடனும் அமிலத்துடனும் குடுவையில் சேர்க்கிறார்கள், குமிழியிட்டு வெளியேறும் வாயுவைக் கொளுத்தி, அந்தச் சுடரின் மேல் குளிர்ந்த பீங்கானைப் பிடிக்கிறார்கள், ஆர்சனிக் இருந்தால் பளபளக்கும் கரும்படலம் படிகிறது. ஆன்டிமனி என்ற வேறொரு தனிமமும் இதேபோல் படியும் என்பதால், குற்றவாளியின் வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது.

அறிவியலறிஞரைத் தவறே செய்யாதவராகக் காட்டாதீர்கள். நஞ்சு வைத்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தாமஸ் ஸ்மெதர்ஸ்டின் 1859ஆம் ஆண்டு வழக்கில், புகழ்பெற்ற நஞ்சியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஸ்வைன் டெய்லர் கண்டுபிடித்த ஆர்சனிக், அவர் மார்ஷ் முறையல்லாத வேறொரு ஆர்சனிக் சோதனைக்குப் பயன்படுத்திய செம்பிலேயே இருந்தது. அதை அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட பிறகும் ஸ்மெதர்ஸ்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, எதிர்ப்புக் கிளம்பியதால் பின்னர் மன்னிப்பு வழங்கப்பட்டது. இப்படிப்பட்ட ஒருவரின் தன்மானம் கதைக்குள் வந்துவிட்டால், தனியாக வில்லன் தேவைப்படாமலும் போகலாம்.

உச்சக்கட்டத்தை நீதிமன்றத்தில் அமைப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் தமக்காகச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல 1898ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிட்டது. அதற்கு முந்தைய கதையில், குறுக்கு விசாரணையில் கொலைகாரர் உடைந்து உண்மையைக் கக்கும் காட்சிக்கு இடமில்லை. அந்த ஒப்புதலைச் சிறைக்குள்ளோ, ஒரு கடிதத்திலோ வாங்கிக்கொள்ளுங்கள்.