பழைய ஃபைபர் படகை என்ன செய்யக்கூடாது

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்குக் கரைக்கு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. மரவள்ளம் என்றால் உக்கி மண்ணாகும், இல்லாவிட்டால் அடுப்புக்கு விறகாகும். ஃபைபருக்கு அந்த இரண்டு வழியும் இல்லை. முழுதாகக் கிடக்கும்வரை அதனால் பெரிய தீங்கு கிடையாது. உடைத்து, எரித்து, புதைத்து 'ஒரு வழி பண்ண' இறங்கும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

முதல் தவறு, அதைச் சாதாரண பிளாஸ்டிக் என்று நினைப்பது. கண்ணாடி இழை விரிப்பில் பொலியெஸ்டர் ரெசின் என்ற பிசினைப் பூசிக் கட்டலிஸ்ட்டால் இறுக வைத்த பொருள் இது. ஒருமுறை இறுகினால் திரும்ப உருகாது. வாளியையும் போத்தலையும் போல உருக்கி வேறு சாமான் வார்க்க முடியாத பொருளை வெட்டி மூட்டை கட்டினால், பழைய சாமான் எடுப்பவர் எதற்கு வாங்கப் போகிறார்?

எரிப்பதுதான் மிக மோசம். தீ வைத்தால் கரும்புகையோடு ஸ்டைரீன், பென்சீன், கார்பன் மொனொக்சைட் எல்லாம் கிளம்பும். மிதப்புக்காக உள்ளே அடைத்தது பொலியூரித்தேன் ஃபோம் என்றால் சயனைட் வாயுவும் சேரும். அத்தனையும் எரிந்த பிறகும் கண்ணாடி இழை அப்படியே மிஞ்சும், முன்பைவிட நொறுங்கலாக. சோளகம் வீசினால் அந்தச் சாம்பல் அடுத்த வளவுக்குப் போய்விடும்.

சாம்பலையோ துண்டுகளையோ வளவில் குழி தோண்டி மூடுவது இன்னொரு தவறு. வேறு ஊரில் எப்படியோ, நமக்கு இது பொருந்தவே பொருந்தாது. யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான். வெடிப்பும் பொந்துமான கல் அது. மேலே விழுந்தது வடிகட்டாமலே கீழே இறங்கிவிடும். அடிப்பாகத்துப் பூச்சில் செம்பு இருக்கலாம், பழைய பூச்சென்றால் ஈயமும் இருக்கலாம். அதையெல்லாம் கிணற்றடியில் புதைக்க எப்படி மனம் வரும்?

சரி, கடலிலேயே தாழ்த்தினால் மீன் குடியிருக்கும் என்பார்கள். ஃபைபர் ஓடு பாரமற்றது, நீரோட்டத்தில் இழுபட்டு உடைந்து துகளாகும். இங்கிலாந்தின் சிசெஸ்டர் துறைமுகத்துச் சிப்பிகளின் சதைக்குள் கண்ணாடி இழைத் துகள்கள் இருந்ததை 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. மட்டியும் நண்டும் எடுக்கிற நம் கடல்நீரேரியில் அதைச் செய்யலாமா?

வெட்டியே ஆகவேண்டும் என்றால் வெறும் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கிரைண்டரைப் பிடிக்காதீர்கள். துகள் பிடிக்கும் முகக்கவசம், கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். கீழே தார்ப்பாய் விரித்து, மின்சாரக் கிரைண்டரை விட்டுக் கைவாளால், நனைத்து நனைத்து அறுங்கள். தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றிப் பைக்குள் போடுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

மறுசுழற்சி என்றாலே நல்லது என்ற எண்ணத்திலும் ஒரு பிழை உண்டு. அரைத்தால் மின்சாரம் செலவாகும், கிடைப்பதோ மலிவான நிரப்புத் தூள். ஜெர்மனியில் சீமெந்துச் சூளைக்குக் கொடுக்கிறார்கள். ரெசின் எரிபொருளாகும், கண்ணாடி சீமெந்தின் மூலப்பொருளாகும். இலங்கையில் கழிவை எரிபொருளாக எடுக்கும் சீமெந்துச் சூளை இருப்பது புத்தளத்தில். ஒற்றைப் படகை லொறியில் ஏற்றி அவ்வளவு தூரம் அனுப்பினால் டீசல் புகைதான் மிச்சம். துறைமுகச் சங்கங்கள் ஓரிடத்தில் சேர்த்து வைத்து, சூளை ஏற்குமா என்று கேட்டு, மொத்தமாக அனுப்பினால்தான் கணக்குச் சரிவரும்.

அதுவரை ஓட்டை விழுந்த படகைக் கண்ணாடி இழை விரிப்பு வைத்து ரெசின் பூசி இன்னும் சில வருடம் ஓட்டுங்கள். முடியாவிட்டால் முழுதாகக் கவிழ்த்து வலைக்கும் கயிற்றுக்கும் கூரையாக்குங்கள். அப்புறம், பூச்சு வேலையில் மிஞ்சிய ரெசினை நிலத்தில் ஊற்றவேண்டாம். திறந்த வெளியில், அகலத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, அளவான கட்டலிஸ்ட் விட்டு இறுக வையுங்கள். கட்டலிஸ்ட்டையும், இறுகுவதை விரைவுபடுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் மட்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே வேண்டாம், வெடித்துவிடும்.