போ-டை வரைந்தாயிற்று, இனி தடுப்புகளை எடைபோடுங்கள்

விமானப் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் போ-டை (ஓர் ஆபத்தின் காரணங்களையும் விளைவுகளையும் 'போ' டை வடிவில் காட்டும் படம்) மென்பொருளைக் கொடுத்தால் சீக்கிரமே ஒரு சுவரை நிரப்பும் அளவுக்குப் படம் வந்துவிடும். இடப்பக்கம் காரணங்கள், நடுவில் கட்டுப்பாடு கைநழுவும் அந்த ஒரு நிகழ்வு, வலப்பக்கம் விளைவுகள், நடுநடுவே வரிசையாகத் தடுப்புகள், பெரும்பாலும் எல்லாமே பச்சை நிறத்தில், அதாவது நன்றாக வேலை செய்கின்றன என்ற குறியோடு. அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் இங்கே எழுதப்போவது அதைப் பற்றித்தான்: படத்தில் இருக்கும் ஒவ்வொரு தடுப்பும் நிஜமாகவே தடுக்குமா என்று எப்படிப் பார்ப்பது.

உதாரணத்துக்கு ஓடுபாதையைத் தாண்டிப் போகும் விபத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் நடு முடிச்சு. நிறையப் பேர் அங்கே விபத்தையே எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் வலப்பக்கம் செய்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. 'மீதமுள்ள ஓடுபாதைக்குள் நிறுத்த முடியாத தூரத்தில் அல்லது வேகத்தில் தரைதொடுதல்' என்று எழுதுங்கள். இன்னும் யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் நிலைமை கைமீறிவிட்டது, அந்தக் கணம்தான் நடுவில் வர வேண்டும். பள்ளத்தில் விழுவதும் உடைவதும் வலப்பக்கம் போகட்டும்.

இடப்பக்கம்: ஈர ஓடுபாதையில் பின்காற்று, மழையில் பார்வை மங்குவது, சீராக இல்லாத அணுகுமுறையை (தரையிறங்க ஓடுபாதையை நோக்கி வருவதை) அப்படியே தொடர்வது, இப்படி. தயவுசெய்து 'விமானி தவறு' என்று ஒரு பெட்டி போடாதீர்கள். அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அதற்கு எதிரே என்ன தடுப்பு வைப்பதென்றும் தெரியாது. விமானி தவறு என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு தடுப்பு உடைந்ததைத்தான்.

இப்போது தடுப்புகள். இங்கே அவசரப்படாதீர்கள்.

ஒரு பெட்டியைத் தடுப்பு என்று அழைக்க மூன்று விஷயங்கள் அதற்குள் இருக்க வேண்டும்: யாரோ அல்லது எதுவோ கவனிக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், செயல்பட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது தடுப்பல்ல. ஓடுபாதை முனையில் விடப்படும் ரெசா போன்ற பாதுகாப்புப் பரப்புக்கு மட்டும் இது பொருந்தாது, அது சும்மா கிடந்தே தன் வேலையைச் செய்யும். பயிற்சி, எஸ்ஓபி (நிலையான செயல்முறை) கையேடு, ஆண்டுத் தணிக்கை இவையெல்லாம் தடுப்புகளைத் தாங்கிப்பிடிப்பவை, தாமாக எதையும் நிறுத்தாதவை. இவற்றை முதன்மை வரிசையிலிருந்து எடுத்து, தடுப்பைப் பலவீனப்படுத்தும் காரணிகளுக்கு எதிரே கீழே வையுங்கள். இதைச் செய்தாலே பாதிப் பெட்டிகள் காணாமல் போகும்.

2020 ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் நடந்ததை இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். துபாயிலிருந்து 190 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344. முதல் முயற்சியில் கேப்டன் பக்க வைப்பர் நின்றுபோனது, மேலே ஏறிச் சுற்றி வந்தார்கள், அடுத்து ஓடுபாதை 10-இல் மழையிலும் சுமார் 14 நாட் பின்காற்றிலும் இறங்கினார்கள். 2,700 மீட்டர் ஓடுபாதையில் சுமார் 1,350 மீட்டர் கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் ரெசாவையும் தாண்டி, ஓடுபாதை அமைந்திருந்த டேபிள்டாப் மேட்டின் விளிம்பிலிருந்து விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

படத்தில் எத்தனை தடுப்புகள் இருந்தன? அணுகுமுறை சீராக இல்லையென்றால் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிடுவது) செய்யும் விதி, தொடுமண்டலம் (ஓடுபாதையில் சக்கரம் தொட வேண்டிய பகுதி) தாண்டினால் கோ-அரவுண்ட், பின்காற்று வரம்பு, இறங்கும் தூரக் கணக்கு, வேறு விமான நிலையத்துக்குத் திருப்பும் முடிவு. ஐந்து பெட்டி. ஆனால் ஐந்திலும் 'முடிவெடுப்பவர்' என்ற இடத்தில் ஒரே ஆள், கேப்டன். அவர் இறங்கியே தீருவது என்று மனத்தில் உறுதி செய்துவிட்டால் ஐந்தும் ஒரே நேரத்தில் போய்விடும். அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு தடுப்பு. எனவே மென்பொருளில் ஒவ்வொரு தடுப்புக்கும் கவனிப்பவர், முடிவெடுப்பவர், செய்பவர் என்று மூன்று கூடுதல் புலங்கள் சேர்த்து நிரப்புங்கள், அப்புறம் முடிவெடுப்பவர் வாரியாக வடிகட்டுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும் கிளைதான் உங்கள் பலவீனமான கிளை.

தனித்து நின்ற தடுப்பு ஒன்று இருந்தது, துணை விமானி. அவர் கவனித்தார், கோ-அரவுண்ட் என்று சொல்லவும் செய்தார். கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை. விசாரணை அறிக்கை இதைக் காரணங்களில் ஒன்றாகவே சொல்கிறது. பத்து வருடம் முன்பு, 2010 மே 22 அன்று 158 பேர் இறந்த மங்களூர் விபத்திலும் துணை விமானி கோ-அரவுண்ட் சொன்னார், கேப்டன் தொடர்ந்தார். இரண்டு இடத்திலும் அறுந்தது அதே மூன்றாவது கண்ணி, செயல்படுவது. அதனால் 'துணை விமானி அழைப்பு' என்ற பெட்டிக்கு மதிப்பெண் போடும்போது விதி இருக்கிறதா என்று பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சிமுலேட்டரில் துணை விமானி கேப்டனிடமிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கிப் பழகுகிறாரா, முன்கூட்டியே சொல்லாமல் அதைச் சோதிக்கிறார்களா, இதைக் கேளுங்கள். இல்லை என்றால் சிவப்பு.

மதிப்பெண்ணுக்குத் தரவு வேண்டும், கூட்ட அறையில் கைதூக்கி முடிவு செய்வது போதாது. சீராக இல்லாத அணுகுமுறைகளில் சுமார் 3 சதவீதம்தான் கோ-அரவுண்டில் முடிகிறது என்பது விமானப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் சொல்லும் உலகளாவிய கணக்கு. உங்கள் நிறுவனத்தின் பறப்புத் தரவிலும் இதே விகிதத்தை எடுங்கள். நூறில் மூன்று முறை வேலை செய்யும் தடுப்புக்குப் பச்சை போட எந்த நியாயமும் இல்லை.

பலவீனப்படுத்தும் காரணிகளை எழுதும்போது விமானி அறைக்கு வெளியேயும் பாருங்கள். கோழிக்கோடு அறிக்கையில் கேப்டனுக்கு மறுநாள் காலை அங்கிருந்தே விமானம் ஓட்டவேண்டிய அழுத்தம் இருந்ததும், அங்கே போதுமான கேப்டன்கள் இல்லாததும் பேசப்படுகிறது. பணிப்பட்டியல் போடும் மேசை ஒரு தடுப்பை அரித்துவிட முடியும், எனவே அந்தப் பிரிவின் ஆளையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

வலப்பக்கம் சுருக்கமாக: பிரேக், ரிவர்சர் (இன்ஜின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது), ரெசா, தீயணைப்பு. ரெசாவின் நீளத்தை மட்டும் எழுதாமல், அதைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சமவெளியும் டேபிள்டாப் மேடும் ஒன்றல்ல.

படம் முடிந்ததும் தினசரி வரும் சம்பவ அறிக்கைகளை அதோடு இணையுங்கள். விமானத் துறையின் ஆபத்து மதிப்பீட்டுக்காக அமைந்த ஏஆர்எம்எஸ் குழு தந்த முறை எளிமையானது, ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டே கேள்வி. இது விபத்தாகியிருந்தால் மிகவும் நம்பத்தகுந்த முடிவு என்ன? அந்த முடிவுக்கும் நடந்ததற்கும் நடுவே மிச்சமிருந்த தடுப்புகள் எவ்வளவு வலுவானவை? பதிலைப் பொறுத்து 1 முதல் 2500 வரை ஒரு எண் வரும். யாருக்கும் கீறல்கூட இல்லாத சம்பவம் பெரிய எண் வாங்கலாம், வாங்கட்டும். அந்தச் சம்பவத்தில் எந்தப் பெட்டி தாங்கியது, எது விட்டுக்கொடுத்தது என்று மென்பொருளில் குறித்து, அன்றே நிறத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு தடுப்புக்கும் பொறுப்பாளராக ஒரு பதவியை எழுதுங்கள், 'ஆபரேஷன்ஸ் பிரிவு' என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள்.